வில்லுக்கத்திக்கு இன்னும் வேலை இருக்கிறதா?

2023 ஒக்டோபர் 8 – களுவாஞ்சிகுடி வாசகர் ஒருவரின் கேள்வி

"சட்டைப்பையில் வில்லுக்கத்தி, அதாவது பிடியின் முதுகிலுள்ள வில்லின் அழுத்தத்தால் அலகு நிற்கும் மடக்குக்கத்தி, வைத்திருப்பவரை இப்போது காண்பது அரிது. பெட்டி பிரிக்கவும் கயிறு அறுக்கவும் கடையில் கிடைக்கும் கட்டர் போதும். மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்து எறிந்துவிட்டு அடுத்ததைத் தள்ளிக்கொள்ளலாம். பூட்டே இல்லாத, விரலில் மடிந்துவிடக்கூடிய பழைய கத்தியைப் புகழ்பவர்கள் கத்தியையா புகழ்கிறார்கள், தங்கள் தகப்பன்மாரின் காலத்தையா?"

2023 ஒக்டோபர் 9

அட்டைப் பெட்டியைப் பிரிப்பதற்குக் கட்டர்தான் சிறந்தது. அதை நான் மறுக்கவில்லை. அந்த உடைக்கும் அலகை 1956 இல் யப்பானின் ஒசாக்கா நகரில் யோஷியோ ஒக்காடா என்பவர் உருவாக்கினார். அச்சகத்தில் கடதாசி வெட்டிய அவர், சொக்கலேற் கட்டி கோடு போட்ட இடத்தில் ஒடிவதையும், உடைந்த கண்ணாடித் துண்டின் புதிய விளிம்பு கூராக இருப்பதையும் சேர்த்து யோசித்ததன் விளைவு அது. கடதாசிக்காகப் பிறந்த கருவி கடதாசியில் வெல்வதில் வியப்பில்லை. தம்பி, எனக்கு உடன்பாடில்லாத இடம் வேறு. சட்டைப்பைக் கத்தியின் வேலை முழுவதும் அட்டையும் கயிறும்தான் என்று நீங்கள் எடுத்துக்கொண்டுவிட்டீர்கள்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் செங்கலடிப் பக்கம் மா, கஜு, தேசி ஆகியவற்றுக்கு ஒட்டுக் கட்டுபவன். ஆப்பு ஒட்டுக்கு ஒட்டுக்கிளையின் அடியை இரு புறமும் நாலைந்து சென்ரிமீற்றர் நீளத்துக்குச் சரிவாகச் சீவ வேண்டும். அந்தச் சீவல் ஒரே இழுப்பில், அலையில்லாமல், மட்டமாக விழுந்தால்தான் கிளையின் மாறிழையமும் (பட்டைக்கு அடியில் வளரும் மெல்லிய படை) வேருள்ள அடிக்கட்டையின் மாறிழையமும் ஒன்றையொன்று தொடும். இடையில் மேடுபள்ளம் இருந்தால் அங்கே காற்றும் ஈரமும் தங்கி, சில நாட்களில் ஒட்டு கறுத்துப் போகும். கட்டரின் அலகு எவ்வளவு கூராக இருந்தாலும் அந்த இழுப்பில் வளைந்து, சீவலின் நடுவில் குழி விழச் செய்கிறது. நல்ல வில்லுக்கத்தியின் அலகு வளைவதில்லை. அதேவேளை கோடரியைப் போல மரத்தைப் பிளப்பதும் இல்லை.

கத்தியின் தரம் என்று நான் சொல்வது முதலில் இதைத்தான்: முதுகிலிருந்து வாய்வரை, அதாவது வெட்டும் விளிம்புவரை, அலகு எவ்வளவு ஒழுங்காக மெலிந்து இறங்குகிறது என்பது. பழைய முறைக் கத்திகளின் முதுகே மெல்லியது. அங்கிருந்து வாய்க்கு வரும்போது தடிப்பு ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போய்விடும். இன்று கறுப்புப் பூச்சுடன் விற்கப்படும் பெரிய மடக்குக்கத்திகளில் பல, மூன்று நான்கு மில்லிமீற்றர் தடிப்புள்ள முதுகுடன் வருகின்றன. அவற்றால் ஒரு விளாட் மாங்காயை வெட்டிப் பாருங்கள். வாய் உள்ளே போகும், அதற்கு மேலே தடித்திருக்கும் தோள் போகாது, மாங்காய் பிளந்து இரண்டாகும். மெல்லிய அலகு அதே மாங்காயை ஊடுருவி, வெட்டிய முகத்தைப் பளபளப்பாக விட்டுச் செல்லும்.

2023 ஒக்டோபர் 9, இரவு

வளைகிறது என்று சும்மா எழுதிவிட்டதாக யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக அளவுகளையும் தருகிறேன். ஒன்பது மில்லிமீற்றர் அகலமுள்ள சாதாரண உடைக்கும் அலகின் தடிப்பு 0.38 மில்லிமீற்றர், பதினெட்டு மில்லிமீற்றர் அகலமுள்ள பெரியதன் தடிப்பு 0.5 மில்லிமீற்றர். போதாக்குறைக்கு ஒடிப்பதற்கான கோடுகளும் அதன் மீது கீறப்பட்டுள்ளன. பக்கவாட்டில் சற்று முறுக்கினால் ஒடிய வேண்டும் என்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட அலகு, பச்சைக் கிளையின் கணுவில் சிக்கும்போது ஒடிந்தால் அது அலகின் குற்றமல்ல.

2023 ஒக்டோபர் 15

கடையில் கத்தியைக் கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது என்று வாழைச்சேனையிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். பளபளப்பையும் பெட்டியில் அச்சிட்ட உருக்கின் பெயரையும் கடைசியாகப் பாருங்கள். முதலில் வில்லைப் பாருங்கள், ஏனெனில் இந்த வகைக் கத்தியின் உயிர் அதில்தான் இருக்கிறது.

பிடியின் முதுகில் நீளமாகக் கிடக்கும் உருக்குப் பட்டைதான் வில். அலகின் அடி அதன் மீது அழுத்திக்கொண்டு சுழல்கிறது. அலகை மெதுவாகத் திறந்தால், தொடக்கத்தில் எதிர்ப்புக் காட்டி, ஓரிடம் கடந்ததும் வில்லே அலகைப் பிடித்து இழுத்து நேராக நிறுத்த வேண்டும். மூடும்போதும் கடைசிப் பங்கை வில்லே செய்ய வேண்டும். சத்தம் உறுதியாக, ஒரே அடியாகக் கேட்க வேண்டும். சில கத்திகளில் பாதி வழியிலும் அலகு ஒருமுறை நின்று போகும். மூடும் விரலுக்கு அது ஒரு பாதுகாப்பு.

பிறகு பிடியின் முதுகை விரலால் தடவிப் பாருங்கள். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் வில் உட்குழியாமலும் வெளியே தள்ளாமலும் பக்கத் தகடுகளுடன் ஒரே மட்டத்தில் இருந்தால், அதைப் பொருத்தியவர் பொறுமையுடன் அராவி இருக்கிறார் என்று பொருள். கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். வில்லுக்கும் தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் நாளைக்கு அதே வழியால் மணலும் ஈரமும் போகும். திறந்த அலகின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். புதிய கத்தி ஆடவே கூடாது.

இன்னொன்றைப் பலர் பார்ப்பதில்லை. மூடும்போது அலகின் வாய் உள்ளே வில்லில் மோதுகிறதா என்பது. மோதினால் நீங்கள் எவ்வளவு தீட்டினாலும் ஒவ்வொரு முறை மூடும்போதும் அந்த ஓரிடம் மழுங்கும். மெல்லிய கடதாசித் துண்டொன்றை உள்ளே வைத்து அலகை இயல்பாக மூடித் திறவுங்கள். கடதாசி வெட்டுப்பட்டிருந்தால் அந்தக் கத்தியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். அலகின் அடியில், வாய் தொடங்குவதற்கு முன்னால், ஒரு சிறு மேடு விடப்பட்டிருப்பது இந்த மோதலைத் தடுப்பதற்காகத்தான். பல ஆண்டுகள் தீட்டித் தேய்ந்த கத்தியில் மூடிய பிறகும் நுனி வெளியே தெரிகிறது என்றால், அந்த மேட்டைச் சிறிது அராவினால் நுனி மீண்டும் உள்ளே இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக அராவிப் பார்க்க வேண்டும்; கூடிவிட்டால் வாய் வில்லில் இடிக்கும்.

விரலில் மடியும் என்ற அச்சத்துக்கும் இதுவே இடம். வெட்டும்போது பொருள் அலகின் வாயைத் தள்ளுகிறது. அந்த விசை அலகை மேலும் திறக்கும் திசையிலேயே போகிறது. குத்தும்போதும், அலகின் முதுகால் தட்டும்போதும்தான் அது மடியப் பார்க்கும். இந்தக் கத்தி குத்துவதற்கு உரியதல்ல என்பதைக் கையில் கொடுக்கும் முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

2023 ஒக்டோபர் 22

அக்கரைப்பற்று நானா, தூள் உலோக முறையில் (உருக்கைத் தூளாக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கும் முறை) செய்யப்படும் புதிய உருக்குகள் பழையவற்றைப் பல மடங்கு மிஞ்சிவிட்டன என்று எழுதியிருக்கிறார். கூர் நிற்கும் காலத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது உண்மை. எஸ்90வி என்ற உருக்கை எடுத்தால் அதில் 9 சதவீதம் வனேடியம் இருக்கிறது. வனேடியம் காபைட்டுத் துகள்கள் தேய்வை எதிர்ப்பதால் வாய் நீண்ட நாள் தாங்குகிறது. ஆனால் அதே துகள்கள் நம் வீடுகளில் உள்ள அலுமினியம் ஒட்சைட்டுத் தீட்டுக்கல்லை விடவும் கடினமானவை. வைரத்தூள் பூசிய தகடு இல்லாமல் அந்தக் கத்தியை ஒழுங்காகத் தீட்ட முடியாது. மழுங்க நாளெடுக்கும் கத்தி, மழுங்கிய நாளில் உங்களைக் கைவிட்டுவிடுகிறது.

சுவிற்சர்லாந்தின் விக்ரோரினொக்ஸ் நிறுவனம் தன் சட்டைப்பைக் கத்தி அலகுகளை உலோகத்தின் கடினத்தைக் காட்டும் றொக்வெல் அளவில் 56 அளவுக்குத்தான் கடினமாக்குகிறது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது மிகுந்த அறிவுடன் எடுக்கப்பட்ட முடிவாகத் தெரிகிறது. 56 இல் உள்ள அலகின் வாய் சற்று மடிந்தாலும் சிதறாது. கல்லில் சிறிது நேரம் தேய்த்தால் மீண்டும் கூராகிவிடும். கல்லே கையில் இல்லாத இடத்தில் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையத்தில் தேய்த்தாலும் வேலைக்குப் போதுமான கூர் வந்துவிடும். தோட்டத்தில் நிற்பவனுக்கு இந்தக் குணம் பெரியது.

எளிதில் கறள் பிடிக்காத கறையில் உருக்கா, சாதாரணக் கரிம உருக்கா என்ற பழைய வழக்கையும் இங்கேயே எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹரி பிறியேர்லி 1913 இல் கறையில் உருக்கை வார்த்தார். ஏறத்தாழ 12, 13 சதவீதம் குரோமியம் சேர்ந்தால் அலகின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் உருவாகி உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கிறது. கரிம உருக்கில் அந்தப் படலம் இல்லை. ஆனால் அது இலகுவில் தீட்டப்படும், மிக மெல்லிய வாயையும் தாங்கும். ஒட்டு வேலைக்கு நான் கரிம உருக்கையே தெரிவுசெய்கிறேன், வேறொன்றைக் கையில் தந்தாலும் அதற்கே திரும்பி வருகிறேன்.

2023 ஒக்டோபர் 23

கறுத்துப் போன அலகைப் பார்த்து அழுக்கு என்று எண்ணுபவர்களுக்கு: தேசிப்புளியும் மாம்பாலும் தேயிலைச் சாயமும் கரிம உருக்கைச் சாம்பல் நிறமாகவும் நீலமாகவும் கறுப்பாகவும் மாற்றும். அந்தக் கறுப்பு அலகை உண்பதில்லை. சிவப்புக் கறள் பிடிப்பதை ஓரளவு தாமதப்படுத்தவும் செய்யும். சிவப்பைக் கண்டால் உடனே துடையுங்கள், கறுப்பை அதன் பாட்டில் விடுங்கள்.

2023 நவம்பர் 5

கரிம உருக்கைப் பற்றி எழுதியதை இரண்டு வாரமாக மனத்தில் புரட்டிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதியது தோட்டத்துக்குப் பொருந்தும். வாவிக் கரைக்குப் பொருந்தாது. கல்லடியிலும் நாவலடியிலும் வலை பொத்துபவர்களின் கையும் சாரமும் எந்நேரமும் உவர்நீரில் நனைந்திருக்கின்றன. அங்கே கரிம உருக்கு அலகு காலையில் துடைத்து வைத்தால் மாலையில் செம்மஞ்சளாகிவிடும். அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடப்பது: அலகு சுழலும் ஆணியைச் சுற்றியும் வில்லின் உட்புறத்திலும் உப்பு புகுந்து, கறள் ஊதிப் பெருத்து, பித்தளைத் தகட்டையே வெளியே தள்ளிவிடுகிறது. கடற்றொழில் செய்பவருக்கு நான் கறையில் உருக்கையே சொல்வேன். பிடியும் மரமாக இல்லாமல் அலுமினியமாகவோ நைலோனாகவோ இருப்பது நல்லது.

கறையில் உருக்கு என்றாலும் உப்பிடம் முழுப் பாதுகாப்பு இல்லை. உப்பில் உள்ள குளோரைட்டு அந்தக் காப்புப் படலத்தை ஆங்காங்கே துளைத்து, ஊசி குத்தியது போன்ற பள்ளங்களை உண்டாக்கும். வீட்டுக்கு வந்ததும் கிணற்று நீரில் கழுவி, திறந்தபடியே உலரவிட்டு, ஆணியில் ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும்.

வெட்டப்படும் பொருளும் வேறு. நைலோன் நூலையும் கயிற்றையும் மயிர் வழிக்கும் அளவுக்கு மெருகேற்றிய வாயை விட, நடுத்தரக் கல்லில் தீட்டி நிறுத்திய, சற்றுச் சொரசொரப்பான வாய் நன்றாகப் பற்றி அறுக்கும். ஒட்டுக்கிளைக்கோ தோல்வாரில் இழுத்து மெருகேற்றிய வாய்தான் வேண்டும். ஒரே கத்தியை இரண்டுக்கும் ஒரே மாதிரித் தீட்டிவிட்டு அலகைக் குறை சொல்லக் கூடாது.

2023 நவம்பர் 6

எந்த எண்ணெய் என்று கேட்டவர்களுக்கு: தேங்காய் எண்ணெய் போதும். அது ஆளிவிதை எண்ணெயைப் போல் காய்ந்து தோலாகிப் பிசின் கட்டுவதில்லை, பழம் வெட்டும் அலகில் பட்டாலும் தின்பவருக்குத் தீங்கில்லை. தையல் இயந்திர எண்ணெய் ஆணிக்கு இன்னும் நல்லது; அதைப் பூசிய பின் உணவு வெட்டுவதானால் அலகைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

2023 நவம்பர் 19

மாரி இறங்கிவிட்டது. பிரான்ஸில் இருக்கும் உறவினர் கொண்டுவந்த ஒப்பினெல் கத்தி திடீரெனத் திறக்க முடியாமல் இறுகிவிட்டதாக ஏறாவூர் வாசகர் எழுதியிருக்கிறார். கத்தி பழுதாகவில்லை. அதன் பிடி பீச் மரம். ஈரத்தில் மரம் ஊதி, அலகு கிடக்கும் வெட்டுப் பள்ளத்தின் இரு சுவர்களும் அலகை நெருக்கிப் பிடிக்கின்றன. அந்தக் கத்தி பிறந்த சவோய் மலைப் பகுதியில் இதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது: பிடியின் பின் முனையை மேசை விளிம்பில் தட்டினால் அலகு நகம் படும் அளவுக்கு வெளியே எழும்பும். நெடுநாள் தீர்வு வேண்டுமானால், நன்றாக வெயில் எறிக்கும் காலத்தில் பிடியை உலரவைத்து, ஆளிவிதை எண்ணெய் ஊறவிட்டுத் துடைத்து, பள்ளத்தின் உட்புறத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துவிடுங்கள்.

அந்தக் கத்தியில் வில் இல்லை என்பதையும் கவனியுங்கள். மரப் பிடி, அலகு, ஆணி, ஆணியைத் தாங்கும் நிலையான வளையம், அதன் மீது சுழலும் பூட்டு வளையம், அவ்வளவுதான். ஜோசப் ஒப்பினெல் 1890 இல் செய்த தொடக்கக் கத்தியில் பூட்டு வளையமும் இருக்கவில்லை. அது 1955 இல்தான் சேர்ந்தது. 1897 இல் 1 முதல் 12 வரை இலக்கமிட்டு அளவுகள் வகுக்கப்பட்டன. 8 ஆம் இலக்கத்தின் அலகு 8.5 சென்ரிமீற்றர். பூட்டு இல்லாமல் விற்க முடியாது என்று சொல்பவர்கள், அறுபத்தைந்து ஆண்டுகள் அந்தக் கத்தியை உழவர்கள் பூட்டில்லாமல் பயன்படுத்தினார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

2023 டிசம்பர் 3

பழைய மடக்குக்கத்திகளைப் பற்றி எழுதும்போது கவர்ச்சி என்ற சொல்லைச் சிலர் கையாண்டிருக்கிறார்கள். எனக்குக் கவர்ச்சியாகத் தெரிவது அவற்றின் எளிய பிறப்பு. இன்று கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கப்படும் இந்த வகைகளில் பல, பணமில்லாதவர்களுக்காகச் செய்யப்பட்டவை. யப்பானின் மிக்கி நகரில் 1890களில் தோன்றிய ஹிகொனொகாமி, மடித்த தகடொன்றுக்குள் ஒரு அலகும் ஓர் ஆணியும் மட்டுமே கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவப் பயன்படுத்தினார்கள். பிரான்ஸின் தியேர் நகரில் 1929 முதல் செய்யப்படும் டூக்-டூக்கும் மடித்த இரும்புத் தகட்டுப் பிடிதான். சுவிஸ் படைவீரர் கத்தியின் 1890 ஆம் ஆண்டு மாதிரி, இறைச்சித் தகரம் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றவும் வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்டது. உள்நாட்டில் அவ்வளவு கத்தி செய்ய வசதி இல்லாததால் முதல் தொகுதி ஜேர்மனியின் சோலிங்கன் நகரில் செய்யப்பட்டது. விக்ரோரினொக்ஸ் நிறுவனர் கார்ல் எல்செனர் 1891 இல்தான் தன் நாட்டிலேயே செய்து கொடுக்கத் தொடங்கினார். வேலை வடிவத்தைத் தீர்மானித்ததால் அந்த வடிவங்களில் பல நூறு ஆண்டை நெருங்கியும் கடந்தும் பெரிதும் மாறாமல் நிற்கின்றன. தகப்பன்மாரின் காலத்தின் மீதுள்ள பாசம் மட்டும் ஒரு கருவியை இவ்வளவு காலம் தொழிலில் வைத்திருக்காது.

2023 டிசம்பர் 4

தம் பாட்டனாரின் பழைய கத்தியைப் பற்றிக் கல்முனை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதில் நட்சத்திரமும் மோல்ற்றாச் சிலுவையும் பொறித்திருந்தால் அது ஷெஃபீல்ட் ஜோசப் றொஜர்ஸ் நிறுவனத்தின் அடையாளம். போலிகளும் அக்காலத்திலேயே இருந்தன. ஆகவே அடையாளத்தை மட்டும் நம்பாமல், ஒக்டோபர் 15 குறிப்பில் எழுதியபடி வில்லைச் சோதியுங்கள். இயந்திரத் தட்டில் வைத்துப் பளபளப்பாக்கக் கொடுக்க வேண்டாம்; பொறிப்பும் அலகின் கோடுகளும் அழிந்துவிடும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஆணிப் பக்கத்து அழுக்கு கரைந்ததும், மிக மெல்லிய உருக்குக் கம்பளியால் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். தந்தப் பிடி என்றால் பிடியில் மண்ணெண்ணெய் படாமல் பாருங்கள், விற்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ முயல வேண்டாம். ஆசிய யானை 1975 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் இருக்கிறது.

2023 டிசம்பர் 10

இவ்வளவு எழுதும் நான் ஏன் நம் ஊர்க் கம்மாலைக் கத்தியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்று படுவான்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நம் கொல்லர்கள் லொறியின் வில்லுத் தகட்டை வெட்டியெடுத்து அடித்துச் செய்யும் கத்தியும் கோடரியும் எந்த இறக்குமதிக்கும் இளைத்தவையல்ல. அந்த உருக்கு நல்ல உருக்கு. வண்டியின் பாரத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கவென்றே வார்க்கப்பட்டது. சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்ச்சல் போட்டு, மிதமான சூட்டில் மீண்டும் இளக்கினால் கூரும் நிற்கும், பல்லும் விழாது.

வில்லுக்கத்தி செய்யாததற்குக் காரணம் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. வில்லையும் அலகின் அடியையும் மயிரிழை அளவுக்குப் பொருத்தி அராவுவதற்குப் பிடிக்கும் நேரத்துக்கு இங்கே யாரும் விலை கொடுப்பதில்லை. சீனாவிலிருந்து வரும் மடக்குக்கத்தி அந்த உழைப்பின் கூலியை விடக் குறைந்த விலையில் சந்தையில் கிடக்கிறது. ஆனால் ஹிகொனொகாமி போல வில்லே இல்லாமல், ஆணியின் இறுக்கத்தாலும் அலகின் பின்னால் நீளும் வாலைப் பெருவிரலால் அழுத்திப் பிடிப்பதாலும் நிற்கும் கத்தியை நம் கம்மாலையில் செய்ய முடியும். செய்தும் பார்த்தோம். எனக்குத் தெரிந்த கொல்லர் ஒருவர் வில்லுத் தகட்டை மெல்லியதாக இழுத்து அலகாக்கினார், பிடிக்கு முதிரைக் கட்டை, ஆணிக்குப் பித்தளை. அவர் முதலில் அடித்த அலகு தோட்டக் கத்தியின் பழக்கத்தில் தடிப்பாக வந்தது. வாய்ப் பக்கத்தை இன்னும் இன்னும் மெலிக்கச் சொன்னபோது, இவ்வளவு மெலிந்தால் உடைந்துவிடுமே என்று அவர் தயங்கினார். மெலிந்த அலகு மாங்கிளையைச் சீவியதைப் பார்த்த பிறகு அடுத்ததை அவராகவே அதைவிட மெல்லியதாக அடித்தார். அது இப்போதும் என் ஒட்டுப் பெட்டியில் இருக்கிறது, நாள்தோறும் வேலை செய்கிறது.

இலங்கையின் சமனலவெவவில் பருவக்காற்றையே துருத்தியாக்கி, 7 ஆம் நூற்றாண்டு முதல் 11 ஆம் நூற்றாண்டு வரை இரும்புருக்கிய உலைகளைப் பற்றித் தொல்லியலாளர் கிலியன் ஜுலெஃப் 1996 இல் நேச்சர் ஆய்விதழில் எழுதியதை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். இந்த நாட்டவர் என்ற முறையில் எனக்கும் அதில் பெருமையுண்டு. அதற்காக நம் கத்தி தானாகவே நல்லதாகிவிடாது. ஒவ்வொரு அலகும் அதன் தோய்ச்சலாலும் மெலிவாலும் மட்டுமே நல்லதாகிறது.

2023 டிசம்பர் 17

எங்கள் பகுதியில் இந்தப் பழக்கம் அறுந்ததற்குக் கட்டர் காரணமல்ல. போர்க் காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து போக வேண்டிய ஓர் இளைஞன் சட்டைப்பையில் கத்தி வைத்திருக்க முடியுமா? சிறிய பேனாக்கத்தி கூடக் கேள்விகளை வரவழைக்கும் என்பதால் வீடுகளில் தாய்மார் அவற்றை எடுத்து ஒளித்து வைத்தார்கள். ஒரு தலைமுறை முழுவதும் கத்தி இல்லாமல் வளர்ந்தது, ஆகவே தீட்டவும் கற்றுக்கொள்ளவில்லை. 2009 இல் போர் முடிந்த பிறகு, கத்தியைப் பயன்படுத்தும் கைப்பழக்கத்தைக் கொடுப்பதற்கு ஆளில்லை. தகப்பன்மாரின் காலத்தைப் புகழ்கிறோமா என்ற கேள்வி என்னைச் சுட்டது இதனால்தான். நாங்கள் விட்டது அலங்காரமல்ல, கைத்தொழில் அறிவின் ஒரு பகுதி.

இதையும் சொல்ல வேண்டும்: பாடசாலைக்கும் கூட்டம் கூடும் இடங்களுக்கும் கத்தி கொண்டு போக வேண்டாம், விமானத்தில் கைப்பையில் வைக்கவும் முடியாது. தோட்டம், தோணி, வேலைத்தளம், அடுப்படி, இவை அதன் இடங்கள்.

2023 டிசம்பர் 31

புதிய கத்தியைச் சாணை இயந்திரத்தில் பிடிக்கக் கொடுத்து வாங்கிய பின் ஒரு நாளும் கூர் நிற்கவில்லை என்று ஒருவர் படத்துடன் அனுப்பியிருக்கிறார். படத்தில் நுனிப் பக்கம் நீலமாகத் தெரிகிறது. நீலம் என்றால் அந்த இடம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வரை சூடேறியிருக்கிறது. கரிம உருக்குக் கத்தியைப் பொதுவாக 200 பாகைக்குச் சற்று முன்பின்னாகத்தான் இளக்குகிறார்கள். அதைத் தாண்டிச் சூடேறிய பகுதி மென்மையாகிவிட்டது. மெல்லிய வாய் சக்கரத்தில் ஓரிரு விநாடிகளிலேயே அவ்வளவு சூடேறும். நீலம் பட்ட பகுதியைக் கல்லில் மெல்ல மெல்லத் தேய்த்து நீக்கினால் அடியில் நல்ல உருக்கு இருக்கும். நுனி சற்றுக் குட்டையாகும், வேறு நட்டமில்லை.

கையால் தீட்டுவது கடினமென்று எண்ண வேண்டாம். நீர் தெளித்த கல்லில் அலகை 15 முதல் 20 பாகை வரை சாய்த்து, அந்தச் சாய்வை மாற்றாமல் ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால், மறுபக்க விளிம்பில் நகத்துக்குத் தட்டுப்படும் மெல்லிய பிசிர் எழும். அடி முதல் நுனி வரை பிசிர் எழும்பும் வரை பக்கத்தை மாற்றாதீர்கள். பெரும்பாலானவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான், பிசிர் வருவதற்குள் திருப்பிவிடுகிறார்கள். பிறகு மறுபக்கமும் அப்படியே செய்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்தால் பிசிர் உதிரும். கடைசியில் பழைய தோல் இடுப்புப் பட்டியின் உட்புறத்தில், முதுகு முன்னே போக வாய் பின்னால் வரும்படி, சிலமுறை இழுங்கள்.

2024 ஜனவரி 7

திருக்கோவிலிலிருந்து விவசாயம் படிக்கத் தொடங்கியிருக்கும் தங்கை ஒருவர், தாம் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்றும், வகுப்பில் கொடுத்த ஒட்டுக்கத்தி தமது கைக்கு மட்டும் கோணலாகச் சீவுகிறது என்றும் எழுதியிருக்கிறார். குறை அவரது கையில் இல்லை. ஒட்டுக்கத்திகளில் பல ஒரு பக்கம் மட்டும் சரிவாகத் தீட்டப்பட்டவை, மறுபக்கம் தட்டை. தட்டையான முகம் கிளையைத் தொட்டுக்கொண்டு போனால்தான் வெட்டு நேராக இறங்கும். வலக்கைக்காகத் தீட்டிய கத்தியை இடக்கையில் பிடித்தால் சரிந்த முகம் கிளைப் பக்கம் வந்துவிடுகிறது, அலகு மரத்தை விட்டு வெளியே ஏறப் பார்க்கிறது.

இடக்கைக்கென்றே தீட்டிய ஒட்டுக்கத்திகளும் செய்யப்படுகின்றன. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது அதைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அதுவரை, இரு பக்கமும் சமமாகத் தீட்டிய மெல்லிய அலகுள்ள சாதாரண வில்லுக்கத்தி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்; அது இரண்டு கைக்கும் பொது. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அலகைத் திறப்பதற்கான நக வெட்டு பெரும்பாலான கத்திகளில் ஒரு பக்கத்தில் மட்டும், வலக்கைக்கு வாகாகவே இருக்கும். மூடிய நிலையில் அலகின் முதுகு பிடிக்கு மேல் போதியளவு வெளியே தெரிந்தால், நகத்தைத் தேடாமல் இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தே திறந்துவிடலாம். அப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.